சக்கரத்துக்கு வைத்த கல்

வேதசிரோமணி வண்டியை எங்கே நிறுத்தினாலும் பின்சக்கரத்துக்கு ஒரு கல் வைப்பார். தரை சமதளமாக இருந்தாலும் வைப்பார். அரசு பஸ் ஓட்டிய காலத்தில் தொற்றிய பழக்கம் அது. ராஜபாளையம் டிப்போவில் அவர் கைக்கு முதலில் வந்த பஸ்ஸில் ஹேண்ட்பிரேக் பேருக்குத்தான் இருந்தது. அதனால் சீட்டுக்கு அடியில் ஒரு கருங்கல்லைப் போட்டு வைத்துக்கொண்டார். பிறகு பஸ்கள் மாறின, கல் மாறவில்லை. ஓய்வு பெற்றபின் பழைய கார் ஒன்றை வாங்கியபோது அந்தக் கல்லும் டிக்கியில் ஏறிக்கொண்டது.

"எல்லாரும் காரு வாங்கினா ஸ்டெப்னியோட வாங்குவான். நீரு கல்லோட வாங்கிருக்கீரு வே" என்று மைதீன் பிச்சை சிரித்தார். மைதீன் பிச்சை அவர் ஓட்டிய பஸ்ஸில் நெடுங்காலம் கண்டக்டராக இருந்தவர். இருவருக்கும் ஓய்வு வந்து வருடங்கள் ஆனபின்னும், ஒருவர் மற்றவரை டிரைவரே, கண்டக்டரே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

வேதசிரோமணியைக் கெட்டிக்கார டிரைவர் என்று சொல்ல முடியாது. மெதுவாக ஓட்டுவார். பிந்தி வந்ததற்காக டைம் கீப்பரிடம் பேச்சு வாங்குவார். பயணிகளும் முணுமுணுப்பார்கள். ஆனால் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அவர் இடித்ததில்லை. டிப்போவில் அவரைப் பற்றிச் சொல்வதற்கு இருந்த ஒரே நல்ல விஷயம் அதுதான். அதையே அவர் தன் பெயர் என்று நினைத்துக்கொண்டார். ஒன்றே ஒன்றை மட்டும் வைத்திருப்பவன் அதை இறுகப் பிடித்துக்கொள்வதில் வியப்பு இல்லை.

காரை அவர் தனக்காக வாங்கவில்லை. மனைவி அருள்செல்விக்கு முழங்கால் தேய்ந்து, பஸ்ஸின் படியில் ஏற முடியாமல் போயிற்று. அவளுடைய அக்கா எஸ்தர் சுந்தரபாண்டியத்தில் இருந்தாள். பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இல்லை. ஒரே மகன் மெல்வின் ஓசூரில் வேலை பார்த்தான். இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தவளுக்குச் சமைத்துப்போட, துடைத்துவிட என்று ஒரு ஆள் வைத்திருந்தான். அவளுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. எதிரில் இருப்பவர் வாயசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பாள். போனில் முகத்தைக் காட்டிப் பேசினாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள், ஒன்றும் விளங்கியிருக்காது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயில் ஆராதனை முடிந்ததும் வேதசிரோமணி காரை எடுப்பார். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, கிருஷ்ணன்கோவில் வந்ததும் இடதுபக்கம் திரும்பி, சுந்தரபாண்டியம். அங்கே அருள்செல்வி அக்காவை நிமிர்த்தி உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்துச் சிக்கு எடுப்பாள். எஸ்தர் கழுத்தைத் திருப்பித் தங்கையின் வாயைப் பார்க்க, எடுக்கும்போதே சண்டை தொடங்கிவிடும். அவர்களுடைய அப்பா ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்த காலத்தில், ஒரு பண்டிகைக்கு ஒரே ஒரு ஜோடிக் கம்மல் வாங்கி வந்தாராம். அது எந்த மகளுக்கு என்று சொல்வதற்குள் அம்மா வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

"எனக்குத்தான் வாங்கினாவ. நாந்தான் மூத்தவ" என்பாள் எஸ்தர்.

"மூத்தவளுக்கு ஏற்கெனவே காதுல கெடந்துச்சு. மொட்டைக் காதோட நின்னவ நானு."

"ஒனக்கு அப்போ காதே முளைக்கலடி."

கம்மல் எப்போதோ விற்றுப்போனது. சண்டை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை புதிதாகப் பூத்தது. வேதசிரோமணி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். இத்தனை வருஷம் பேசியும் தீராத வழக்கை எதற்கு இழுக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றும்.

டிப்போவில் உடன் வேலை பார்த்த ஒருவரின் வீட்டுக் கல்யாணம், தென்காசி ரோட்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஆவணி முகூர்த்தம். காம்பவுண்டுக்குள் கார்கள் ஒன்றின் முதுகில் ஒன்றாக அடைந்து நின்றன. வாட்ச்மேன் பால்ச்சாமி வாயில் விசிலை வைத்துக்கொண்டு ஓடி ஓடி இடம் காட்டினார்.

"அண்ணாச்சி, ஹேண்ட்பிரேக் போடாதீங்க. நியூட்ரல்ல விட்டுட்டுப் போங்க. எந்த வண்டியாவது வெளிய போகணும்னா நாங்க தள்ளிக்கிடுவோம்."

இந்தப் பக்கத்து மண்டபங்களில் இதுதான் நடைமுறை. பூட்டிய காரைக்கூட நான்கு பேர் சேர்ந்து முன்னும் பின்னும் உருட்டி வழி செய்துவிடலாம். எல்லோரும் அப்படித்தான் விட்டுவிட்டுப் போனார்கள். வேதசிரோமணிக்கு மனம் ஒப்பவில்லை. தரை பின்பக்கம் சரிந்திருந்தது. ஆனால் பின்னால் இரண்டு கார்கள் ஹாரன் அடித்தன. பால்ச்சாமி கையைக் கும்பிடுவதுபோல வைத்துக்கொண்டு நின்றார். ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டு, டிக்கியைத் திறந்து, கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

சாப்பிட்டுக் கைகழுவி வெளியே வந்தபோது கார் வைத்த இடத்தில் இல்லை. சரிவின் அடியில், ஜெனரேட்டர் கொட்டகையின் இரும்புத் தூணை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. பின்விளக்கு நொறுங்கியிருந்தது. இடதுபக்க முன்கதவு உள்ளே மடங்கிவிட்டது. அருள்செல்வி இழுத்துப் பார்த்தாள். திறக்கவில்லை. மேலே கார் நின்ற இடத்தில், காம்பவுண்டு ஓரமாக, அவருடைய கல் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

மண்டபத்துக்காரர் சௌந்தரபாண்டியன் உடனே வந்தார். நல்ல மனிதர்தான், சத்தமாகப் பேசுகிறவர். காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வேதசிரோமணியின் தோளில் கை வைத்தார்.

"வயசாச்சுன்னா ஹேண்ட்பிரேக்கு மறக்கத்தான் செய்யும் அண்ணாச்சி. எங்க ஐயா கேஸ் அடுப்பையே அணைக்க மறந்துருவாரு. போகட்டும், வண்டியைப் பட்டறையில விடுங்க. ஆகுறதை நான் பாத்துக்கிடுதேன்."

"நான் மறக்கல. போடாதீங்கன்னு உங்க ஆளுதான் சொன்னாரு. நான் கல்லும் வச்சிருந்தேன். யாரோ எடுத்துட்டுத் தள்ளியிருக்காங்க."

"ஏலே பால்ச்சாமி, நீயா சொன்ன?"

பால்ச்சாமி விசிலை வாயிலிருந்து எடுத்து வேட்டியில் துடைத்தார். முதலாளியின் முகத்தைப் பார்த்தார். "நான் அப்பிடிச் சொல்லல மொதலாளி. வண்டி தானா உருண்டுச்சு."

"அப்போ கல்லு?"

"கல்லு எங்கனதான் கெடக்கல?"

சுற்றி நின்றவர்களில் ஒருவர், "பஸ் ஓட்டினவருக்கே இந்தக் கதின்னா" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு அல்ல, பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்தவர்களின் லேசான சிரிப்பு. அது போதுமாக இருந்தது.

"உங்க காசு எனக்கு வேண்டாம்" என்றார் வேதசிரோமணி. "'தப்பு எங்க பேர்ல'ன்னு நீங்க சொல்லுங்க. அது போதும்."

"அதான் செய்து குடுக்கேங்கிறேனே அண்ணாச்சி. பொறவு சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன?"

அவர் குனிந்து கல்லை எடுத்துக்கொண்டார். அருள்செல்வியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, அடிபட்ட காரைத் தானே ஓட்டிக்கொண்டு மலையடிப்பட்டியில் இருந்த வீட்டுக்கு வந்தார். தகரக் கொட்டகைக்குள் நிறுத்தினார். சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

இன்சூரன்ஸ்காரர் வந்தார். "வண்டி தானா உருண்டு மோதிருச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார். மத்ததை நான் முடிச்சுத் தாரேன்."

"தானா உருளல."

"எழுதுறதுக்குத்தான சார். யாரு படிக்கப் போறா?"

"எழுதுற எனக்குத் தெரியும்ல" என்று அவரை அனுப்பிவிட்டார். போலீஸ் ஸ்டேஷனில் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பேசினால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். பட்டறைச் செலவு வரும், தோளில் ஒரு கை வரும், 'வயசாச்சுன்னா' என்ற அந்தச் சொல்லும் மறுபடி வரும்.

மைதீன் பிச்சையின் மகள் ரிஸ்வானா ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீலாக இருந்தாள். சிறு பிள்ளையில் அவர் பஸ்ஸின் முன்சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம் என்று அவள்தான் சொன்னாள். வீட்டுக்கு வந்து காரை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்தாள். பட்டறைக்காரரிடம் எஸ்டிமேட் எழுதி வாங்கினாள்.

"இனிமே வண்டியை நீங்க தாராளமா சரிபண்ணி ஓட்டலாம் மாமா. பில்லை மட்டும் பத்திரமா வச்சிருங்க."

"அதெப்பிடிம்மா? தீர்ப்பு வாரதுக்கு முன்னால வண்டியைத் தொடலாமா?"

"அதான் போட்டோ இருக்கே."

"போட்டோ வேற, வண்டி வேற. பஸ்ஸு எங்கனயாவது இடிச்சா, அதிகாரி வந்து பாக்குற வரைக்கும் சக்கரம் அசையக் கூடாது. அசைச்சவன் தப்பை ஒத்துக்கிட்டவன். டிப்போவுல இதுதான் சட்டம். அன்னைக்கு மண்டபத்துல இருந்து நான் எடுத்துட்டு வந்ததே தப்பு."

"மாமா, இது டிப்போ இல்ல."

"எங்கனயும் சட்டம் சட்டந்தான். சாட்சியை நாமளே அழிச்சுப்போட்டு, பொறவு எந்த முகத்தோட நியாயம் கேக்க?"

ரிஸ்வானா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவருக்கு ஏறவில்லை. தான் யாரையும் இடிக்காததால், இடித்தவர்களுக்கு வைத்த சட்டத்தை அவர் ஒருநாளும் பயன்படுத்த நேர்ந்ததில்லை. மற்ற டிரைவர்கள் சாலையோரம் வெயிலில் பஸ்ஸோடு காத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். அந்தக் காத்திருப்பில் ஒரு கௌரவம் இருப்பதாக நினைத்திருந்தார். இப்போது தன் முறை வந்ததும் அதை ஒழுங்காகச் செய்ய விரும்பினார். காரின்மேல் தார்ப்பாயைப் போர்த்திக் கயிறு கட்டினார்.

அருள்செல்வி அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ ஞாயித்துக்கிழமை?"

"ரெண்டு மூணு வாய்தா. பொறவு கதவு புதுசா இருக்கும், ராணி மாதிரி போவ."

வாடகைக் கார் பிடித்து ஒரு தடவை போனார்கள். அதை ஓட்டியவன் கியர் மாற்றும்போதெல்லாம் பின்சீட்டிலிருந்து வேதசிரோமணியின் இடதுகால் தரையை மிதித்தது. ஓயாமல் அவனுக்கு வழி சொன்னார். திரும்பி வரும்போது அவன், "சார், நீங்களே ஓட்டிட்டு வாரீயளா? நான் பின்னால உக்காந்துக்கிடுதேன்" என்றான். அடுத்த வாரம் அருள்செல்வி வாடகைக் கார் வேண்டாம் என்றாள். பஸ்ஸில் போய்ப் பார்த்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு ஏறும்போது கால் மடங்கிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்டக்டரும் ஒரு கிழவியும் சேர்ந்து தூக்கிவிட்டார்கள். அதன்பின் அவள் போகவில்லை. அவரும் போகச் சொல்லவில்லை. அடுத்த வாய்தாவில் முடிந்துவிடும் என்று சொன்னார். அப்படி நம்பவும் செய்தார்.

வாய்தாக்கள் வந்தன. எதிர்த்தரப்பு பதில் போட அவகாசம் கேட்டது. வக்கீல்கள் ஒருநாள் வேலைக்கு வரவில்லை. இன்னொரு நாள் இவரே காய்ச்சலில் படுத்துவிட்டார். ஒவ்வொரு முறையும் சலவைச் சட்டை போட்டு, பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் போய், பின்பெஞ்சில் உட்கார்ந்து, பெயர் கூப்பிட்டதும் எழுந்து நின்று திரும்பி வந்தார். சௌந்தரபாண்டியனின் தரப்பு, 'மனுதாரர் ஹேண்ட்பிரேக் போடாமல் அஜாக்கிரதையாக விட்டுச் சென்றார்' என்று பதில் போட்டது. அதில் பாதி உண்மை. ஹேண்ட்பிரேக் போடவில்லைதான். அந்தப் பாதி உண்மைதான் அவரை இரவில் புரளவைத்தது.

பால்ச்சாமி சாட்சிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்த நாளில், ஆணையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் வேதசிரோமணியைப் பார்த்தார். சற்றுத் தயங்கிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி."

"சொல்லும்."

"அந்தக் கல்லை எடுத்தது நாந்தான்."

வேதசிரோமணி கிளாஸைக் கீழே வைத்தார்.

"பொண்ணு மாப்பிள்ளை வண்டி வெளிய போகணும்னு அவசரப்படுத்தினாவ. உங்க வண்டியை முன்னால தள்ளி வழிவிட்டோம். திரும்பப் பழைய எடத்துக்கு உருட்டுதப்போ பள்ளத்துல பிடி நழுவிருச்சு. கல்லை முதல்லயே திரும்ப வச்சிருக்கணும். தோணல. ஹேண்ட்பிரேக் போடாதீங்கன்னு சொன்னதும் நாந்தான்."

"இதை உள்ள வந்து சொல்லும்."

"உள்ள சொன்னா வேலை போயிரும். அதான் வெளிய வந்து சொல்லுதேன். உங்க பேர்ல தப்பில்லை அண்ணாச்சி. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

"நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்சு என்ன செய்ய? ஊருக்குத் தெரியணும்லா."

"ஊரு அன்னைக்கே பந்தியை முடிச்சு, தாம்பூலப் பையை வாங்கிட்டுப் போயிருச்சு. உங்க காரா அதுக்கு ஞாபகம் இருக்கும்?" பால்ச்சாமி மடியிலிருந்து சில்லறையை எடுத்தார். "டீக்கு நான் குடுக்கேன்."

"வேண்டாம்" என்றார் வேதசிரோமணி.

பால்ச்சாமி சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்சநேரம் நின்றார். பிறகு சாலையைக் கடந்து உள்ளே போய், வண்டி தானாக உருண்டது என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்துப் போட்டார்.

இதைக் கேட்ட மைதீன் பிச்சை உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்துவிட்டார். "அவனா வந்து ஒத்துக்கிட்டான். இதுக்கு மேல உமக்கு என்ன வே வேணும்? சௌந்தரபாண்டியன் ராஜி பேச ஆள் விட்டிருக்கான்னு எம்மவ சொல்லுதா. கையெழுத்தைப் போட்டுட்டு வண்டியைப் பட்டறைக்கு ஏத்தும். தங்கச்சியை சுந்தரபாண்டியம் கூட்டிட்டுப் போம்."

"எழுத்துல வரட்டும் கண்டக்டரே."

"எழுத்து. நான் வாழ்நாள் பூரா எழுத்தைத்தான வே கிழிச்சுக் குடுத்தேன். டிக்கெட்டு கையில இருக்கான்னு எறங்குற வரைக்கும்தான் தேடுவான். எறங்கின பொறவு கீழ போட்டுட்டுப் போயிருதான்."

வேதசிரோமணி சிரிக்கவில்லை. இழந்தது திரும்ப வேண்டும் என்பது ஒரு பசி. இழக்கச் செய்தவன் அதை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்பது வேறு பசி. முதல் பசிக்கு எங்காவது சோறு கிடைக்கும். இரண்டாவது பசிக்காரன் இலையில் விழுந்ததையும் சோறு என்று ஒப்புக்கொள்ள மாட்டான். அன்று டீக்கடையில் அவருக்குப் பரிமாறியாயிற்று. அவர் இலையை மூடிவிட்டு வந்தார்.

பங்குனியில் ஒரு சாயங்காலம் எஸ்தரின் மகன் மெல்வின் வீட்டுக்கு வந்தான். காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"சித்தி, அம்மாவை ஓசூருக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"ஏம்ப்பா, இங்கன அவளுக்கு என்ன குறை?"

"குறைன்னு இல்ல சித்தி. நீங்க வாராவாரம் போயிட்டு இருந்தப்போ வேலைக்காரம்மா ஒரு பயத்தோட பாத்துக்கிட்டா. இப்போ யாரும் வாரதில்லைன்னு தெரிஞ்சுபோச்சு. போன மாசம் வந்து பாத்தேன். தலை சடை பிடிச்சுக் கெடக்கு. எனக்கும் அடிக்கடி லீவு கிடைக்காது. நீங்க இருக்கீயங்கிற தைரியத்துலதான் இம்புட்டு நாள் விட்டிருந்தேன்." அவன் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. அதனாலேயே கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

அருள்செல்வி கணவரின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வேதசிரோமணிக்குப் பின்னால் பலமுறை தோன்றியது.

"எப்போ கெளம்புதீய?" என்று மட்டும் கேட்டாள்.

"நாளைக்கு."

மறுநாள் விடிந்ததும் வாடகைக் காரில் போனார்கள். வேதசிரோமணி வாய் திறக்கவில்லை. காலையும் அசைக்கவில்லை. எஸ்தரைக் கட்டிலில் நிமிர்த்தி உட்காரவைத்திருந்தார்கள். பெட்டிகள் கட்டியாகிவிட்டன. அருள்செல்வி பின்னால் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துச் சிக்கெடுக்கத் தொடங்கினாள். சடையில் சீப்பு ஓடவில்லை. விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தாள்.

எஸ்தர் கழுத்தைத் திருப்பித் தங்கையின் வாயைப் பார்த்தாள். அவள் முகத்தில் பழைய குறும்பு வந்தது.

"அந்தக் கம்மலு எனக்குத்தாண்டி வாங்கினாவ."

அருள்செல்வி சீப்பை மடியில் வைத்தாள். அக்கா பார்க்கும்படி முன்னால் வந்து, நிதானமாக வாயசைத்துச் சொன்னாள். "ஆமாக்கா. ஒனக்குத்தான்."

எஸ்தரின் முகம் அப்படியே நின்றுவிட்டது. சரியாகப் புரிந்துகொண்டோமா என்று இன்னொருமுறை தங்கையின் வாயைப் பார்த்தாள். பிறகு, ஏதோ ஒன்றைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்பதுபோல, தலையைக் குனிந்துகொண்டாள்.

வேதசிரோமணி அன்று வாசல் நாற்காலியில் இல்லை. நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். அதை அவர் பார்த்தார்.

தீர்ப்பு மழைக்காலத்தில் வந்தது. ரிஸ்வானா தன் அலுவலகத்தில் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். மண்டபத்தில் வண்டிகளை நிறுத்த ஆள் வைத்து ஏற்பாடு செய்தபின், அங்கே வண்டிக்கு வரும் சேதத்துக்கு மண்டபமே பொறுப்பு. சேவையில் குறைபாடு இருக்கிறது. பழுது பார்க்கும் செலவையும், மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் ஒரு தொகையையும் தர வேண்டும்.

"ஜெயிச்சாச்சு மாமா."

"வண்டியைத் தள்ளினது அவிய ஆளுதான்னு போட்டிருக்கா?"

அவள் பக்கத்தைப் புரட்டினாள். "இல்ல. வண்டி தானா உருண்டாலும், யாராவது தள்ளியிருந்தாலும் பொறுப்பு மண்டபத்துக்குத்தான். அதனால அந்தக் கேள்விக்குள்ள போகத் தேவையில்லைன்னு சொல்லியிருக்காங்க."

"நான் ஹேண்ட்பிரேக் மறக்கலைன்னு?"

"அதுவும் தேவைப்படல மாமா."

"கல்லைப் பத்தி?"

"கல்லைப் பத்தி ஒண்ணும் இல்ல." அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேர்த்தாள். "இது நல்ல தீர்ப்பு. இதைவிட நல்லா எழுத முடியாது."

அவள் சொன்னது சரிதான். நல்ல தீர்ப்புதான் அது. அவர் கேட்ட சொல் அதில் இல்லை. அதை ஒருவர் டீக்கடையில் நின்று, கையில் சில்லறையோடு, ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நடந்தார். சௌந்தரபாண்டியன் மேல்முறையீடு எதுவும் செய்யவில்லை. பணத்தை ஒழுங்காகக் கட்டிவிட்டார். மண்டபத்து வாசலில் 'வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று ஒரு போர்டு முளைத்தது. ஒருநாள் அந்த வழியாகப் போகும்போது வேதசிரோமணி பார்த்தார். போர்டுக்குக் கீழே பால்ச்சாமி விசிலோடு நின்று, "நியூட்ரல்ல விட்டுட்டுப் போங்க" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் கையைத் தூக்கினார். வேதசிரோமணியும் தூக்கினார். சொல்ல வேண்டியது இன்னும் ஏதோ இருந்தது. ஆனால் பால்ச்சாமியின் பின்னால் ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது.

தார்ப்பாயை எடுத்தபோது டயர்கள் அமுங்கியிருந்தன. பேட்டரி செத்துவிட்டது. பானட்டுக்குள் எலி குட்டி போட்டு, ஒயரையெல்லாம் கடித்து வைத்திருந்தது. மண்டபம் கொடுத்த பணத்தில் புதுக் கதவைப் போட்டு முடித்தபின், சும்மா நின்றதால் கெட்டதையெல்லாம் சரி பண்ணத்தான் பட்டறைக்காரருக்கு அதிக நாள் ஆயிற்று. "ஓட்டாம வச்சா எந்த வண்டியும் இப்பிடித்தான் சார்" என்றார் அவர்.

வண்டி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய்விட்டு வெளியே வந்தார்கள். வேதசிரோமணி சக்கரத்து அடியிலிருந்த கல்லை எடுத்து டிக்கியில் போட்டார். புதுக் கதவைத் திறந்துவிட்டார். அது சத்தமில்லாமல் திறந்தது. அருள்செல்வி முழங்காலைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எங்க போக?" என்று கேட்டார்.

"நீங்கதான் சொல்லணும்."

அவர் வண்டியை எடுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் விட்டார். போன வாரம் மெல்வின் போனில் அம்மாவின் முகத்தைக் காட்டியிருந்தான். எஸ்தர் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். பின்னால் ஒரு வெள்ளைச் சுவர் இருந்தது. தலையை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள். அங்கே சிக்கெடுக்க ஆள் இல்லை, அதனால் வெட்டியாயிற்று என்று மெல்வின் சொன்னான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுரத்தைக் கடந்தார்கள். அவர் வாய்தாவுக்கு நடந்த தெருவின் முனையைக் கடந்தார்கள். வண்டி நன்றாகத்தான் ஓடியது.

"அருளு" என்றார்.

"ம்."

"அந்த ஆளு டீக்கடையில வச்சுச் சொன்னாம்லா, அன்னைக்கே நான் விட்டிருக்கணும்."

இதைச் சொல்வார் என்று அருள்செல்வி எதிர்பார்த்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அது கடந்துபோய்விட்டது. "இனிமே சொல்லி என்ன?" என்று அவள் கேட்டிருக்கலாம். அதையும் கேட்கவில்லை. கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டாள். காற்று வந்தது.

கிருஷ்ணன்கோவில் வந்தது. சுந்தரபாண்டியத்துக்குப் பிரியும் இடத்தில் கார் தானாகவே மெதுவாயிற்று. பின்னால் வந்த பஸ்ஸும் மெதுவானது. கார் திரும்பட்டும் என்று அது காத்து நின்றது.

"இண்டிகேட்டரை அணைங்க" என்றாள் அருள்செல்வி. "நாம திரும்பப் போறோம்னு பின்னால வாறவன் நெனைச்சுக்கிட்டு இருக்கான்."